கனடாவில் படித்து, வேலை பார்த்து, பி.ஆர். வாங்குவது: மதுரைப் பக்கத்துக் கேள்விகள்

மதுரையிலிருந்தும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்திலிருந்தும் கனடாவுக்குப் படிக்கப் போக நினைக்கிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. விதிகள் 2025 கடைசி நிலவரப்படி. அங்கே அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் பணம் கட்டுவதற்கு முன் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் கட்சி ஒன்றுதான்: பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைப்பதும் நழுவுவதும் பாதிக்குமேல் விமானம் ஏறுவதற்கு முன்னால் மதுரையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே இருக்கும்போது செய்ய வேண்டியதைப் பற்றி நீட்டியே எழுதியிருக்கிறேன்.

ரெண்டு வருஷம் அங்கே படித்தால் பி.ஆர். கொடுத்துவிடுவார்கள்தானே?

இல்லை. படிப்பு முடித்ததும் கிடைப்பது ஒரு வேலை அனுமதி மட்டும். பி.ஜி.டபிள்யூ.பி. என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஓராண்டு தகுதியான வேலை பார்த்தால், 'கனடிய அனுபவ வகுப்பு' என்ற பிரிவில் விண்ணப்பிக்கும் தகுதி வரும். தகுதி வந்ததும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பட்டியலில் பெயரைப் பதியலாம். அந்தப் பட்டியலில் மதிப்பெண் கூடுதலாக உள்ளவர்களை மட்டும் அவ்வப்போது அழைப்பார்கள். அழைப்பு வந்த 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட வேண்டும். ஏஜென்சியில் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் சொல்வார்கள். நடுவில் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்றாலும் வேலை அனுமதி கிடைக்கும் என்று பைபாஸ் ரோட்டு ஏஜென்சியில் சொல்கிறார்களே?

பழைய கதை. 2024 நவம்பர் 1 முதல் அது போய்விட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு படிப்பு விசாவுக்கு விண்ணப்பித்தவர்களில், பட்டப் படிப்பு அல்லாமல் டிப்ளமா, சான்றிதழ் என்று படிப்பவர்களுக்குப் பாடப்பிரிவும் பொருந்த வேண்டும். வேளாண்மை, மருத்துவப் பணி, அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து, குழந்தைக் கல்வி ஆகிய துறைகளில் அவர்கள் வெளியிட்ட பட்டியலுக்குள் அந்தப் படிப்பு இருந்தால்தான் வேலை அனுமதி. நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த பொதுவான பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமா அந்தப் பட்டியலில் இல்லை. இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது.

இன்னொரு பொறி: அரசுக் கல்லூரியின் பாடத்தை உரிமம் வாங்கித் தனியார் கல்லூரி நடத்துவது. சான்றிதழில் அரசுக் கல்லூரியின் பெயர் இருக்கும், வகுப்பு நடப்பது தனியார் கட்டடத்தில். 2024 மே 15-க்குப் பிறகு அப்படிச் சேர்ந்தவர்களுக்கு வேலை அனுமதி இல்லை. சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் முகவரியைப் பாருங்கள். கல்லூரியின் முகவரியும் அதுவும் வேறாக இருந்தால் அந்தக் கல்லூரிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஏஜென்சி சொல்லும் பதில் செல்லாது.

வேலை அனுமதி எத்தனை வருஷத்துக்கு?

குறைந்தது 8 மாதப் படிப்பாக இருக்க வேண்டும். ரெண்டு வருஷத்துக்குக் குறைந்த டிப்ளமா என்றால் படிப்பின் நீளத்துக்குத் தக்க அனுமதி. ரெண்டு வருஷமோ அதற்கு மேலோ என்றால் 3 வருஷம். மாஸ்டர்ஸ் ஒன்றரை வருஷமாக இருந்தாலும் 3 வருஷம் தருகிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த சலுகை இது. படிப்பு முடிந்தது உறுதியான நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான்.

இதில் பாஸ்போர்ட் ஒரு சங்கதி. பாஸ்போர்ட் எந்தத் தேதியில் காலாவதியாகிறதோ அதற்கு மேல் அனுமதி தர மாட்டார்கள். பள்ளிக்கூடம் படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மீதிக் காலத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம் என்றாலும் அலைச்சல். போவதற்கு முன்பே பாரதி உலா வீதியில் புதுப்பித்துவிடுங்கள்.

படிக்கும்போது பார்ட் டைம் பார்க்கிற வேலையும் அந்த ஒரு வருஷத்தில் சேருமா?

சேராது. வாரம் 24 மணி நேரம் பார்த்தாலும், விடுமுறையில் முழு நேரம் பார்த்தாலும், படிப்போடு இணைந்த கோ-ஆப் வேலையாக இருந்தாலும், முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை கனடிய அனுபவ வகுப்பில் பூஜ்யம். சொந்தத் தொழிலும் அப்படியே. செலவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த வேலைதான் கணக்கு?

கனடா எல்லா வேலைகளுக்கும் ஒரு எண் கொடுத்து 0 முதல் 5 வரை படிநிலை வைத்திருக்கிறது. டீர் என்று அதற்குப் பெயர். 0, 1, 2, 3 கணக்கில் வரும். 4, 5 வராது. மென்பொருள் வேலை 1. கணக்கு எழுதுவது, உணவகச் சூப்பர்வைசர் 2. சமையல்காரர், லாரி ஓட்டுநர், நிர்வாக உதவியாளர் (அட்மினிஸ்ட்ரேட்டிவ் அசிஸ்டென்ட்) 3. கடையில் விற்பனை, செக்யூரிட்டி 4. கேஷியர், கிடங்கில் பெட்டி தூக்குவது 5. நம் பிள்ளைகள் படிப்பு முடித்ததும் முதலில் போய் நிற்பது கடைசி ரெண்டு படியில்தான்.

மொத்தம் 1,560 மணி நேரம் வேண்டும். வாரம் 30 மணி என்று 52 வாரம். ஒரே வாரத்தில் 50 மணி பார்த்தாலும் 30-தான் எண்ணுவார்கள், ஆகவே ஓடி ஓடி உழைத்து எட்டு மாதத்தில் முடிக்க முடியாது. இடையில் வேலை மாறலாம், இடைவெளியும் விழலாம்; கடைசி 3 வருஷத்துக்குள் சேர்ந்தால் போதும்.

எண்ணுவதற்கு ஆதாரம் வேண்டுமே. சம்பளச் சீட்டு, வருஷக் கடைசியில் முதலாளி தரும் டி4 படிவம், வருமான வரி கட்டியதற்கு அரசு அனுப்பும் கடிதம். கூடவே நிறுவனத்தின் தாளில் ஒரு வேலைக் கடிதம்: பதவி, சேர்ந்த நாள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், அன்றாடம் செய்த வேலைகள், கையெழுத்துப் போட்டவரின் பெயர், தொடர்பு எண். 'நல்ல பையன், நன்றாக வேலை பார்த்தான்' என்கிற நம்மூர்ச் சான்றிதழ் அங்கே செல்லாது. செய்த வேலைகளின் பட்டியல் அந்த எண்ணுக்கான விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுக்கிற கடையில் ரெண்டு வருஷம் நின்றாலும் அது காகிதத்தில் இல்லாத வேலை.

மதிப்பெண் என்கிறார்களே, எவ்வளவு இருந்தால் கூப்பிடுவார்கள்?

ஒரு ஆளை வைத்தே போட்டுப் பார்ப்போம். வயது 26, கல்யாணம் ஆகவில்லை. இங்கே பி.இ., அங்கே ரெண்டு வருஷ டிப்ளமா, அங்கேயே ஒரு வருஷ வேலை. ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7. வயதுக்கு 110, படிப்புக்கு 128, ஆங்கிலத்துக்கு 124, கனடா வேலைக்கு 40, படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து நன்றாக இருப்பதற்கு 50, கனடாவில் படித்ததற்கு 15. கூட்டினால் 467.

2025-இல் கனடிய அனுபவ வகுப்புக்கு விட்ட அழைப்புகள் 510-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, ஏஜென்சியின் விளம்பரத் தாளில் இருக்கும் அதே பிள்ளை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் வெளியே நிற்கிறான்.

அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

இங்கேதான் மதுரை வருகிறது. போவதற்கு முன் இந்தியாவில் 3 வருஷம் தகுதியான வேலை பார்த்திருந்தால், மேலே சொன்ன ஆங்கில மதிப்பெண்ணோடு சேர்ந்து 50 கூடுகிறது. 467, 517 ஆகிவிடும். கனடாவில் ரெண்டாவது வருஷமும் வேலையில் இருந்தால் இன்னும் 13. டிப்ளமாவுக்குப் பதில் மாஸ்டர்ஸ் என்றால் 22. ஆங்கிலத்தை இன்னொரு படி ஏற்றினால் 12.

ஆகவே, கல்லூரி முடித்த கையோடு ஏறுவதை நான் ஆதரிப்பதில்லை. 21 வயதில் பி.இ. முடிக்கிற பிள்ளை இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ எல்காட் வளாகத்து நிறுவனத்தில் 3 வருஷம் வேலை பார்க்கட்டும். 24-இல் மாஸ்டர்ஸ், 26-இல் வேலை, 28-இல் பட்டியலில் நல்ல இடத்தில் பெயர். வயதுக்கான 110 மதிப்பெண் 29 வரை குறையாது. 30-இல் 105, 31-இல் 99, 35-இல் 77 என்று இறங்கும். இடையில் கையில் நாலு காசும் சேரும், வீட்டுப் பத்திரத்தில் பாதிப் பாரம் குறையும். 'பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டானே' என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஐ.டி. மட்டும்தான் என்றில்லை. தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கர், மருத்துவமனையில் நர்ஸ், எல்லாம் எண்ணப்படும் வேலைகள்தான். ஆனால் சம்பளம் வங்கி வழியாக வந்திருக்க வேண்டும், பி.எஃப்., படிவம் 16 இருந்தால் பலம். வேலையை விடும்போதே, மேலே சொன்ன விவரங்களோடு கடிதம் வாங்கிவிடுங்கள். நாலு வருஷம் கழித்து டொரொன்டோவிலிருந்து போன் போட்டுக் கேட்டால் அந்த மேலாளரே அங்கே இருக்க மாட்டார்.

இன்னொரு வழி பிரெஞ்சு. கனடாவின் மொழி அளவுகோலில் நாலு திறனிலும் ஏழாம் நிலை வந்து, ஆங்கிலமும் சுமாராக இருந்தால் 50 மதிப்பெண் தனியாகக் கூடும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்பும் உண்டு. 2025 மார்ச்சில் அது 379 வரை இறங்கியது. கல்லூரியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்து 'மார்க் வாங்கினால் சரி' என்று ஓட்டியவர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கலாம். ஏழாம் நிலைக்கு அந்தப் புத்தகம் போதாது, ஒன்றரை, ரெண்டு வருஷ உழைப்பு வேண்டும்.

மாகாண அரசு முன்மொழிந்தால் ஒரேயடியாக 600. ஆனால் 2025-இல் மாகாணங்களுக்கான இடங்களைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். வந்தால் யோகம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

போகும்போதே ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியாச்சு. திரும்ப எழுதணுமா?

எழுத வேண்டும். கல்லூரிக்குக் கொடுத்தது அகாடமிக் தேர்வு. பி.ஆருக்கு ஜெனரல் தேர்வு. மதிப்பெண் செல்லுபடியாவது 2 வருஷம்தான். வேலை அனுமதிக்கும் இப்போது ஆங்கில மதிப்பெண் கேட்கிறார்கள், ஆகவே படிப்பு முடிகிற சமயத்தில் ஜெனரல் எழுதினால் ரெண்டுக்கும் ஆகும்.

மதுரையில் படித்த பட்டம் அங்கே செல்லுமா?

செல்லும், மதிப்பீடு செய்து வாங்கினால். பெரும்பாலானவர்கள் போவது டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனத்துக்கு. அது தரும் அறிக்கை 5 வருஷம் செல்லும். கனடிய அனுபவ வகுப்புக்கு இது கட்டாயமில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன 467 ஆளின் பி.இ. கணக்கில் வராது, டிப்ளமா மட்டும் நிற்கும். மதிப்பெண் 425-க்கு இறங்கும். ஒரு உறை தபாலில் போகாததற்கு 42 மதிப்பெண்!

அந்த உறைதான் வேலை வாங்கும். டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண்களின் அதிகாரபூர்வப் பட்டியல்) கல்வி நிறுவனத்திடமிருந்தே முத்திரையோடு நேராகப் போக வேண்டும். நாம் நகலெடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கல்லூரியில் படித்தவர்கள் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் பல்கலை நகருக்குப் போக வேண்டியிருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பட்டியல் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், பட்டம் பல்கலைக்கழகத்தில் என்று ரெண்டு இடம். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். கனடாவில் இருந்துகொண்டு அப்பாவை ஒவ்வொரு ஜன்னலாக நிற்க வைக்காமல், இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டைக் கூடுதலாக ரெண்டு உறை வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வையுங்கள்.

சான்றிதழில் மு. செல்வகுமார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இதனால் பிரச்சினை வருமா?

நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. குடும்பப் பெயர் காலியாக இருந்தால், கனடா ஆவணங்களில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, முதல் பெயர் காலியாகிவிடும். அப்புறம் வங்கியில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி, வரிப் படிவத்தில் ஒரு மாதிரி. பி.ஆர். விண்ணப்பத்தில் 'இது எல்லாம் ஒரே ஆள்தான்' என்று நிரூபிக்க வேண்டிவரும்.

முதல் விசா விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பிரித்துப் போட்டு மறுபடி வாங்கிவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். சான்றிதழில் இனிஷியலாக இருப்பதற்கு, இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. விசா வந்தபின் பெயரை மாற்றினால் குழப்பம் இரட்டிப்பு.

15 லட்சம் கொடுத்தால் வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், அதற்கு மதிப்பெண் உண்டு என்று ஒருவர் சொல்கிறார்.

'வேலை தருகிறோம்' என்று முதலாளி கொடுக்கும் கடிதத்துக்கு (ஜாப் ஆஃபர்) இருந்த மதிப்பெண்ணை 2025 மார்ச் 25-இல் எடுத்துவிட்டார்கள். பூஜ்யத்துக்கு 15 லட்சம் கொடுக்காதீர்கள். பொய்யான கடிதம் என்று தெரிந்தால் 5 வருஷத் தடை வேறு. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தருகிறவர் கனடாவின் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். எண் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

தம்பி, வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் மகனை அனுப்பணும். அனுப்பலாமா?

அய்யா, உங்கள் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் இதைச் சொல்கிறேன். முதல் வருஷக் கட்டணம், பயணம் போக, அங்கே வாழ்வதற்கென்று 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும்; 2025 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. கல்விக்கடனில் வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கும். அதே வருஷம்தான் பிள்ளை 1,560 மணியைச் சேர்க்க வேண்டிய வருஷம். தவணைக்கு ஊரிலிருந்து போன் வரும்போது, படித்த வேலைக்காக மூன்று மாதம் காத்திருக்க அவனால் முடியாது. கிடங்கு வேலைக்கு ஓடுவான், பணம் அனுப்புவான், பி.ஆர். கணக்கு நின்றுபோகும். நன்றாகப் படிக்கிற பையன்களே இப்படித்தான் தவறுகிறார்கள். படிப்பு முடிந்தபின் ஒரு வருஷத் தவணையை நீங்கள் இங்கிருந்தே சமாளிக்க முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால், மேலே சொன்ன 3 வருஷ வேலை வழி உங்களுக்குத்தான்.

அழைப்பு வருவதற்குள் வேலை அனுமதி முடிந்துவிட்டால்?

முழு பி.ஆர். விண்ணப்பத்தைப் போட்டவர்களுக்கு மட்டும் இடைக்கால வேலை அனுமதி உண்டு. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. பி.ஜி.டபிள்யூ.பி.யை இன்னொரு தடவை தர மாட்டார்கள். ஆகவே 3 வருஷ அனுமதியில் முதல் வருஷத்துக்குள் கணக்கில் வரும் வேலைக்குள் நுழைந்துவிட வேண்டும்.

விண்ணப்பம் போட்டிருக்கும்போது தை மாசம் கல்யாணம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் சொல்லாமல் மறைக்கக் கூடாது. பி.ஆர். உறுதியாவதற்கு முன் கல்யாணம் ஆகி, அதைத் துறைக்குத் தெரிவிக்காமல் விட்டால், பிறகு அந்த மனைவியையோ கணவரையோ குடும்ப விசாவில் அழைக்க முடியாமலே போகலாம். மண்டபத்தில் தாலி கட்டிய அந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, சான்றிதழோடு தெரிவித்துவிடுங்கள். அழைப்பு வருவதற்கு முன்பே கல்யாணம் என்றால் மதிப்பெண்ணும் மாறும்: வயதுக்கு 110 என்பது 100 ஆகும், துணைவரின் படிப்பும் ஆங்கிலமும் கணக்கில் வரும். சம்பந்தம் பேசும்போது பெண்ணின் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணைக் கேட்கிற வீடுகள் இப்போது இருக்கின்றன.

போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை?

இந்தியப் போலீஸ் சான்றை அங்கிருந்தே தூதரகம் வழியாக வாங்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு நம்மூர் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வரக்கூடும்; வீடு மாறியிருந்தால் பாஸ்போர்ட்டிலும் மாற்றியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையை 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2025 கடைசியில் 1,525 டாலராக இருந்தது.

ஜெர்மனி இதைவிட லேசா?

மதிப்பெண் போட்டி இல்லை, அந்த வகையில் லேசு. அங்கே பட்டம் வாங்கினால் வேலை தேட 18 மாதம். படித்த வேலையில் 2 வருஷம் இருந்து, 24 மாதம் ஓய்வூதியப் பங்கு கட்டி, ஜெர்மன் மொழியில் பி1 வந்திருந்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மொழிதான் விலை.

பி.ஆர். வந்தபின் அப்பா அம்மாவைப் பார்க்க மதுரையில் எவ்வளவு நாள் வந்து இருக்கலாம்?

5 வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். தொடர்ந்து இருக்க வேண்டும் என்றில்லை. மீதி நாட்களை எப்படி வேண்டுமானாலும் இங்கே கழிக்கலாம். குடியுரிமை வேண்டும் என்றால் 5 வருஷத்தில் 1,095 நாள், பி.ஆருக்கு முன் மாணவராக, வேலை அனுமதியில் இருந்த நாட்களை அரை நாளாக எண்ணி, அதிகபட்சம் 365 நாள் வரை சேர்த்துக்கொள்வார்கள். மதுரையில் இருக்கும்போது பி.ஆர். அட்டை காலாவதியாகிவிட்டால் அதை இங்கே புதுப்பிக்க முடியாது. தனியாகப் பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, அது வந்தபிறகுதான் விமானம் ஏற விடுவார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.